வேடிக்கை நாட்களில் தலைவர்களுக்கு உள்ள வேலை: எச்.ஆர். பிரிவினருக்கும் மேனேஜர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையிலும் அம்பத்தூரிலும் கோவையிலும் உள்ள அலுவலகங்களில் அடுத்த ஆண்டுக்கான கொண்டாட்டப் பட்டியலைத் தயாரிக்கும் எச்.ஆர். பிரிவினருக்கும், அந்தப் பட்டியலின்படி குழுவைக் கூட்டிக் கேக் வெட்டும் மேனேஜர்களுக்கும் இந்த மடலை எழுதுகிறோம். நாங்கள் சர்வர் அறை, உதவி மேசை, கட்டடப் பராமரிப்பு, பணியாளர் நலன் ஆகிய பிரிவுகளில் வேலை செய்கிறவர்கள். பொங்கல், ஆயுத பூஜை, ரம்ஜான், கிறிஸ்துமஸ் பற்றிச் சொல்ல எங்களுக்கு எதுவுமில்லை. அவை நன்றாகவே நடக்கின்றன. அமெரிக்க வாடிக்கையாளர்கள் வழியாகவும் இணைய நாட்காட்டிகள் வழியாகவும் நம் அலுவலகங்களுக்குள் வந்துவிட்ட வேடிக்கை நாட்களைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது: பேக்கப் (தரவின் காப்பு நகல்) நாள், டோனட் நாள், சிஸ்டம் அட்மின் (கணினிகளையும் சர்வர்களையும் பராமரிப்பவர்) நாள், தோல்வி நாள், பாஸ் நாள், கழிப்பறை நாள்.

இவற்றை நிறுத்தும்படி கேட்கவில்லை. மாதத்துக்கு மூன்று என்று நீளும் பட்டியலை ஐந்தாகக் குறைத்து, ஒவ்வொரு நாளிலும் தலைவரே செய்தாக வேண்டிய ஒரு வேலையை எழுதி வையுங்கள் என்று கேட்கிறோம்.

இந்த நாட்களைத் தொடங்கியவர்கள் யார் என்று பார்த்தால் காரணம் விளங்கும். அரசாங்கம் அறிவிக்கவில்லை, பெரிய பதவியில் இருந்தவர்களும் அறிவிக்கவில்லை. அச்சுப்பொறிகளை நிறுவிய ஓர் ஊழியர், ஒரு செயலாளர், சில கல்லூரி மாணவர்கள். தங்கள் கண்ணெதிரே யாரும் கவனிக்காமல் கிடந்த ஒன்றைக் கவனித்தார்கள், அதற்கு ஒரு தேதி குறித்தார்கள், யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. தலைமை என்று நாங்கள் நம்புவது இதைத்தான். கேக் வெட்டினால் அந்த நாளைக் கொண்டாடியதாக ஆகும். தொடங்கியவர் எதைக் கவனித்தாரோ அதை நம் அலுவலகத்தில் தேடினால்தான் அந்த நாள் பயன்படும்.

எல்லா நாளுக்கும் இது பொருந்தாது. செப்டம்பர் 19 கடற்கொள்ளையர் போலப் பேசும் நாள். 1995-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இரண்டு நண்பர்கள் விளையாட்டாகத் தொடங்கியது. அதில் தலைவருக்கு வேலை ஏதுமில்லை. இளைஞர்கள் சிரித்து மகிழட்டும், விட்டுவிடுங்கள். இன்னும் பல நாட்கள் ஏதோ ஒரு பொருளை விற்பதற்காக உருவானவை. பட்டியலில் சேர்க்கும் முன் ஒரே ஒரு சோதனை போதும்: யார் தொடங்கினார், என்ன குறையைக் கண்டு தொடங்கினார் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் அடித்துவிடுங்கள்.

மார்ச் 31, உலக பேக்கப் நாள். 2011-இல் இஸ்மாயில் ஜாதுன் என்பவர் தொடங்கினார். ஏப்ரல் முதல் தேதி ஏமாளியாகாமல் இருக்க முந்தைய நாளே நகல் எடுத்து வை என்பது அதன் கருத்து. நம் அலுவலகங்களில் அன்று எல்லோருக்கும் ஒரு போஸ்டர் மின்னஞ்சல் போகிறது. அதற்குப் பதிலாக அன்று ரெஸ்டோர் செய்து, அதாவது நகலிலிருந்து தரவைத் திரும்ப எடுத்து, பாருங்கள். பேக்கப் ஒவ்வோர் இரவும் தானாக ஓடுகிறது, காலையில் திரையில் பச்சை டிக் தெரிகிறது. கொடுத்த வேலை ஓடி முடிந்தது என்பதற்கு மட்டுமே அந்த டிக் சாட்சி. அதிலிருந்து தரவைத் திரும்ப எடுக்க முடியுமா என்பது எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் இணையச் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை ஒவ்வொரு மேனேஜரும் தெரிந்துகொள்ள வேண்டும். தரவுத்தளத்தின் இரண்டாம் நகல் சர்வரில் சிக்கல் வந்தது. அதைச் சரிசெய்ய முயன்ற பொறியாளர், நகல் சர்வரில் அழிக்க வேண்டிய கோப்புறையை முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது. பேக்கப்பைத் தேடினார்கள். அது சேமிக்கப்பட வேண்டிய இடம் காலியாக இருந்தது. தரவுத்தளம் 9.6 பதிப்பில் ஓட, நகலெடுக்கும் கருவி 9.2 பதிப்பாக இருந்ததால் நாள்தோறும் பிழையோடு நின்றுபோயிருக்கிறது. பிழையைச் சொல்லும் மின்னஞ்சல்கள் அனுப்பப்பட்டன. ஆனால் உரிய சான்றொப்பம் இல்லாததால் பெறும் பக்கமே அவற்றைத் தள்ளிவிட்டது. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான்.

அதன்பின் அந்த நிறுவனம் நடந்துகொண்ட விதம் எங்களுக்கு மிகவும் பிடித்தது. மீட்புப் பணியை நேரலையாகவே உலகுக்குக் காட்டினார்கள். பிறகு முழு அறிக்கையை வெளியிட்டார்கள். பேக்கப்பை ஏன் யாரும் சோதிக்கவில்லை என்ற கேள்விக்கு, அந்த வேலைக்கு யாரையும் பொறுப்பாக்கவில்லை என்று பதில் எழுதினார்கள். பொறுப்பை ஒப்படைக்க வேண்டியது தலைமை. அதை ஏற்று எழுத மனம் வேண்டும்.

சோதனையை எப்படி நடத்துவது? முதலில் தேதி. நம் நாட்டில் மார்ச் 31 நிதியாண்டு முடியும் நாள். கணக்குப் பிரிவு மூச்சுவிட நேரமில்லாமல் இருக்கும். அன்று அவர்களுடைய சர்வரில் கை வைக்காதீர்கள். ஏப்ரல் இரண்டாம் வாரத்துக்குத் தள்ளினாலும் தவறில்லை. மீட்க வேண்டியவை மூன்று: போன மாதம் அழிக்கப்பட்ட ஒரு கோப்பு, ஒரு தரவுத்தளம், ஒரு முழு சர்வர். எந்த மூன்று என்பதைத் தலைவர் அன்று காலை சீட்டெடுத்துச் சொல்லட்டும். முன்னரே சொன்னால் அந்த மூன்று மட்டும் தயாராக இருக்கும். பேக்கப்பை அமைத்தவர் அன்று விலகி நிற்க வேண்டும். வேறொருவர், எழுதி வைத்த வழிமுறையை மட்டும் வைத்துக்கொண்டு, தனிக் கணினியில் மீட்க வேண்டும். அந்தக் கணினியை வலையமைப்பிலிருந்து துண்டித்து வைப்பது மிக முக்கியம். இல்லாவிட்டால், மீட்கப்பட்ட மென்பொருள் உயிர்பெற்றதும் வரிசையில் நின்ற பழைய மின்னஞ்சல்களையும் எஸ்.எம்.எஸ்.களையும் வாடிக்கையாளர்களுக்கு மறுபடி அனுப்பத் தொடங்கிவிடும்.

கடிகாரத்தைப் பார்த்து இரண்டு எண்களைக் குறியுங்கள். திரும்ப எழ எத்தனை மணி நேரம் ஆனது? மீண்டு வந்த தரவு எத்தனை மணி நேரம் பழையது? அந்த இரண்டையும் வாடிக்கையாளர் தாங்குவாரா என்பது தலைவர் சொல்ல வேண்டிய பதில். கோப்பு இருக்கிறது என்று பார்த்துவிட்டு நிறுத்தாமல், மென்பொருளைத் திறந்து, உள்நுழைந்து, நேற்றைய ஒரு பதிவைத் தேடி எடுங்கள்.

என்ன பழுதாகும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். மறைகுறியாக்கச் சாவியை அதே சர்வரில் வைத்திருப்பார்கள். சர்வர் போனால் சாவியும் போகும். கடவுச்சொல் தெரிந்தவர் வேலையை விட்டுப் போயிருப்பார். ஏழு நாள் நகல்களை மட்டும் வைத்திருப்பார்கள். தரவு கெட்டது இருபதாம் நாள் தெரியவரும். பேக்கப் வட்டு எப்போதும் எழுதும் உரிமையோடு இணைந்தே இருக்கும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் அதையும் பூட்டிவிடும். கிளவுடில் ஒத்திசைவதையே பேக்கப் என்று நம்பியிருப்பார்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு கட்டடத்தில் என்ற பழைய விதி இன்னும் செல்லும். இவற்றில் ஏதாவது ஒன்று முதல் சோதனையிலேயே சிக்கும். சிக்கினால் சோதனை வெற்றி என்று மீட்டுப் பார்த்தவரிடம் தலைவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த ஆண்டு எல்லாம் சரி என்ற அறிக்கைதான் கிடைக்கும்.

ஜூன் முதல் வெள்ளிக்கிழமை டோனட் நாள். முதல் உலகப் போரில், 1917-இல், சால்வேஷன் ஆர்மி அமைப்பின் பெண்கள் பிரான்சில் படை முகாம்களுக்கே போய்ச் சிப்பாய்களுக்கு டோனட் பொரித்துக் கொடுத்தார்கள். அடுப்பு வசதி இல்லை. ஒரு சிறு வாணலியில் ஏழேழாகப் பொரித்தார்கள். அவர்களைப் போற்றவும், பொருளாதார மந்தத்தில் வாடிய மக்களுக்கு நிதி திரட்டவும் 1938-இல் சிகாகோவில் இந்த நாள் தொடங்கியது. உணவு, ஆட்கள் நிற்கும் இடத்துக்கே போயிருக்கிறது. நம் அலுவலகத்தில் மாலை நான்கு மணிக்குப் பெட்டியைத் திறக்கிறோம். இரவு ஷிப்ட் வரும்போது காலிப் பெட்டி மேசையில் இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை மேனேஜர் இரவு ஒரு மணிக்கு வரட்டும், தம் கையால் கொடுக்கட்டும். அறுபது பேர் என்றால் தலைக்கு இரண்டு, அதற்கு மேல் பத்து சதவீதம்: சுமார் 130. அந்த அறுபதில் வாயில் காவலர், வண்டி ஓட்டுநர்கள், ஹவுஸ்கீப்பிங் ஆட்கள், ஜெனரேட்டர் அறைக்காரர் எல்லோரும் அடக்கம். டோனட்தான் வேண்டும் என்பதில்லை, மெதுவடை இன்னும் நல்லது. சுடச்சுட மூடிய டப்பாவில் அடைத்தால் ஆவியில் நமுத்துவிடும். தாள் விரித்த அட்டைப் பெட்டியில் மூடியைச் சற்றுத் திறந்து வைத்துக் கொண்டுவாருங்கள், சட்னி தனியாக இருக்கட்டும். முதல் தட்டு வாயில் காவலருக்குப் போகட்டும். புகைப்படம் வேண்டாம், கேமரா வந்தால் கொடுப்பவர் முகம் மாறிவிடும், வாங்குபவர் கூசுவார். கொடுத்துவிட்டு அரை மணி நேரம் உட்காருங்கள். இரவு கேன்டீன் எத்தனை மணிக்கு மூடுகிறது, வண்டி எங்கே இறக்கிவிடுகிறது என்பதெல்லாம் அந்த அரை மணியில் தெரியவரும்.

ஜூலை கடைசி வெள்ளிக்கிழமை சிஸ்டம் அட்மின்களுக்கு நன்றி சொல்லும் நாள். சிகாகோவில் சிஸ்டம் அட்மினாக இருந்த டெட் கெகாடோஸ், எச்.பி. நிறுவனத்தின் ஒரு விளம்பரத்தைப் பார்த்தார். புது அச்சுப்பொறிகளை நிறுவித் தந்த ஊழியருக்கு அலுவலகமே பூங்கொத்தும் பழக்கூடையுமாக வரிசையில் நின்று நன்றி சொல்லும் படம் அது. அவரும் அப்போதுதான் அதே வகை அச்சுப்பொறிகளைத் தம் அலுவலகத்தில் நிறுவியிருந்தார். முதல் நாளை 2000 ஜூலை 28 அன்று நடத்தினார்.

இந்த வேலையின் இயல்பு அப்படி. சரியாக நடந்தால் எதுவும் நடக்காததுபோல் இருக்கும். ஆகவே பொதுவாக நன்றி சொன்னால் ஒட்டாது. ஒரு வாரம் முன்பே உதவி மேசையின் ஓராண்டு டிக்கெட் (உதவிக் கோரிக்கை) பதிவை வாங்கிப் பாருங்கள். இரவு பத்துக்கும் காலை ஆறுக்கும் இடையில் முடிக்கப்பட்டவற்றைத் தனியே பிரியுங்கள். அதிலிருந்து மூன்றை எடுத்து, யார், எந்தத் தேதி, என்ன செய்தார், அதனால் மறுநாள் காலை யாருடைய வேலை தடைபடாமல் நடந்தது என்று எழுதுங்கள். அந்தப் பயனடைந்த குழுவின் தலைவர் வந்து அதைப் படிக்க வேண்டும். அதே பதிவில் ஒருவர் பெயர் மட்டும் திரும்பத் திரும்ப இரவுகளில் வந்தால், அவருக்கு வேண்டியது பூங்கொத்து அல்ல, இன்னோர் ஆள். நான்கு பேருக்குக் குறைவான குழுவில் இரவு அழைப்பு முறை (பழுது வந்தால் மாறி மாறி எழுந்து வருவது) சீக்கிரமே ஆட்களைத் தேய்த்துவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை எந்த ரிலீசும் (புதிய மென்பொருள் மாற்றத்தை வெளியிடுவதும்) வேண்டாம். காலையில் கேக் கொடுத்துவிட்டு மாலை ஆறு மணிக்கு ஒரு மாற்றத்தைச் செலுத்தினால், சனி, ஞாயிறு முழுக்க அதைச் சுமப்பவர்கள் கேக் வாங்கிய அதே ஆட்கள்தான். விழாவுக்கு மைக், புரொஜெக்டர் பொருத்தும் வேலையையும் அன்று வேறு யாராவது செய்யட்டும்.

அக்டோபரில் இரண்டு நாட்கள் அடுத்தடுத்து வருகின்றன. 13 தோல்வி நாள், 16 பாஸ் நாள். இரண்டையும் சேர்த்து ஒரே வேலையாகச் செய்யலாம்.

தோல்வி நாளைப் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மாணவர்கள் 2010-இல் தொடங்கினார்கள். தோற்றுவிடுவோம் என்ற அச்சத்தில் யாரும் புதிதாகத் தொழில் தொடங்கத் துணிவதில்லை என்பதே அவர்கள் கண்ட குறை. இங்கே இதை நடத்தும்போது பெரும்பாலும் இளையவர்களைப் பேசவிட்டுப் பெரியவர்கள் கைதட்டுகிறார்கள். அது தலைகீழ். அறையில் மிக உயர்ந்த பதவியில் இருப்பவர்தான் முதலில் பேச வேண்டும், பத்து நிமிடம் போதும். அவர் எடுத்த முடிவாக இருக்க வேண்டும். கடந்த பன்னிரண்டு மாதங்களுக்குள் நடந்ததாக இருக்க வேண்டும். எத்தனை நாள், எவ்வளவு பணம் போனது என்ற எண் வேண்டும். இன்னொருவர் பெயர் வரக்கூடாது. கடைசியில் வெற்றியாக முடிந்த கதையைச் சொன்னால் கேட்பவர்கள் அதைப் பெருமை பேசுவதாகவே எடுத்துக்கொள்வார்கள், வாய் திறக்க மாட்டார்கள். அன்று பேசியது எதுவும் அப்ரைசல் படிவத்தில் வராது என்று எச்.ஆர். முந்தைய வாரமே எழுத்தில் தர வேண்டும். ஒரே ஒருமுறை வந்துவிட்டால்கூட அந்த அலுவலகத்தில் அந்த நாள் முடிந்தது.

பாஸ் நாளை 1958-இல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில், ஸ்டேட் ஃபார்ம் காப்பீட்டு நிறுவனத்தின் செயலாளர் பட்ரிசியா பேஸ் ஹரோஸ்கி பதிவு செய்தார். அவருடைய மேலாளர் அவர் தந்தையேதான். அதனால் அது ஒரு மகளின் அன்பு. நம் அலுவலகத்தில் அது தலைக்கு இருநூறு ரூபாய் வசூலாக வருகிறது. கொடுக்க மனமில்லாதவரும் கொடுக்கிறார், பட்டியலில் தம் பெயர் விடுபட்டால் என்ன ஆகுமோ என்று. அமெரிக்க நடுவண் அரசின் ஊழியர் விதிகளே, சாதாரணமாக மேலதிகாரிக்குக் கீழே இருப்பவர் தரும் பரிசை 10 டாலர் என்ற எல்லைக்குள் வைத்திருக்கின்றன. வசூலை அடியோடு நிறுத்துங்கள். 13-ஆம் தேதி பேசிய அதே தலைவர், 16-ஆம் தேதி குழுவுக்கு மூன்று கேள்விகளைப் பெயர் எழுதாத தாளில் தரட்டும்: நான் எதை நிறுத்த வேண்டும், எதைத் தொடங்க வேண்டும், உங்கள் வேலையில் நான் தடையாக இருப்பது எங்கே? மின்னஞ்சலில் வேண்டாம், யார் எழுதியது என்று கண்டுபிடிக்க முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஐந்து பேருக்குக் குறைவான குழு என்றால் பக்கத்துக் குழுவோடு சேர்த்து வாங்குங்கள். ஒரு வாரத்துக்குள் தலைவர் ஒன்றையாவது மாற்றிக் காட்ட வேண்டும்.

நவம்பர் 19 உலகக் கழிப்பறை நாள். சிங்கப்பூரைச் சேர்ந்த ஜாக் சிம் 2001-இல் உலகக் கழிப்பறை அமைப்பைத் தொடங்கினார். அதன் ஆங்கிலச் சுருக்கப் பெயரான டபிள்யூ.டி.ஓ. உலக வர்த்தக அமைப்பின் சுருக்கப் பெயரேதான், வேண்டுமென்றே வைத்தது. கேட்டவர்கள் முதலில் சிரித்தார்கள், சிரித்ததால் நின்று கேட்டார்கள். 2013-இல் ஐ.நா. பொதுச் சபையே அந்த நாளை ஏற்றது. ஆகவே இது இப்போது அதிகாரபூர்வ நாள். வேடிக்கை என்று தள்ளப்பட்ட ஒன்றை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்பதற்காகவே இதைப் பட்டியலில் வைக்கச் சொல்கிறோம்.

அன்று தலைவருக்குள்ள வேலை நடை. தம் தளத்துக் கழிப்பறைக்கு அல்ல. காவலர், ஓட்டுநர், ஹவுஸ்கீப்பிங், கேன்டீன் ஆட்கள் போகும் கழிப்பறைக்கு. அது பெரும்பாலும் அடித்தளத்தில் வண்டி நிறுத்தும் இடத்தின் கோடியில், பம்ப் அறைக்குப் பக்கத்தில் இருக்கும். முன்னறிவிப்பு இல்லாமல் காலை பதினொன்றுக்கு ஒருமுறை, இரவு இரண்டுக்கு ஒருமுறை போங்கள். பகலில் தண்ணீர் இருக்கும். இரவில் மோட்டார் போடாமல் வற்றியிருக்கும். தாழ்ப்பாள் விழுகிறதா, விளக்கு எரிகிறதா, பை மாட்ட ஆணி இருக்கிறதா, சோப்பு இருக்கிறதா, பெண்கள் பகுதியில் மூடியுள்ள குப்பைக்கூடை இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள். ஆண் மேற்பார்வையாளரிடம் போய்ச் சாவி கேட்க வேண்டியிருக்கும் இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர்த் தொற்று அங்கிருந்துதான் தொடங்குகிறது. பெண்கள் பகுதியைப் பார்க்க ஒரு பெண் அதிகாரி போக வேண்டும்.

எண்ணிக்கையையும் பாருங்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கான 1971-ஆம் ஆண்டு மத்திய விதிகள் வகுத்த கணக்கு, 25 பெண்களுக்கு ஒரு கழிப்பறை, 25 ஆண்களுக்கு ஒன்று. நம் கட்டடங்களில் இந்தக் கணக்கு தவறுவதற்குக் காரணம் எளிது: ஊழியர் எண்ணிக்கையில் ஒப்பந்த ஆட்களைச் சேர்ப்பதில்லை. போகும் வழியில் காவலருக்கு நாற்காலி இருக்கிறதா என்றும் பாருங்கள். கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்வோருக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத் திருத்தமே கொண்டுவந்தது. கண்ட குறைகளில் தாழ்ப்பாள், விளக்கு, ஆணி மூன்றும் அன்றே முடிய வேண்டும். அதற்கு ஒப்புதல் படிவம் சுற்றி வரக்கூடாது என்பதற்காக முன்கூட்டியே ஐயாயிரம் ரூபாயைத் தனியே ஒதுக்கி வையுங்கள். தண்ணீர், கூடுதல் கழிப்பறை போன்றவற்றுக்குத் தேதியும் பொறுப்பாளர் பெயரும் எழுதி அந்தக் கதவிலேயே தமிழில் ஒட்டுங்கள்.

ஐந்து இடங்களும் நிரம்பிவிட்டன. அக்டோபரின் இரண்டையும் நாங்கள் ஒன்றாகவே எண்ணுகிறோம். ஆறாவதாக ஓர் இடத்தைக் காலியாக விடுங்கள். அது உங்கள் அலுவலகத்தில் ஒருவர் தாமே அறிவிக்கும் நாளுக்கு. ஒப்பந்த ஆட்கள் உட்பட யாரும் முன்மொழியலாம். கேட்க வேண்டியது மூன்றே கேள்விகள்: யாரைப் பற்றியது, என்ன குறை, அன்று தலைவர் என்ன செய்ய வேண்டும்? ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்கு நிறுவன மின்னஞ்சல் கிடையாது. அதனால் முன்மொழிவை மின்னஞ்சலில் மட்டும் கேட்காதீர்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் எச்.ஆர். ஒருவர் கீழே இறங்கிப் போய், அவர்கள் வாயால் சொல்வதைத் தமிழிலேயே எழுதிக்கொண்டு, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கட்டும். டிசம்பர் இரண்டாம் வாரத்துக்குள் இதை முடித்தால் ஜனவரிப் பட்டியலில் சேர்க்க நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
சர்வர் அறை, உதவி மேசை, கட்டடப் பராமரிப்பு, பணியாளர் நலன் பிரிவுகளில் வேலை செய்யும் சிலர்